மடக்கக் கூடாது

செவ்வாய்க்கிழமைகளை நான்
கிராமில் அளந்திருக்கிறேன்.

ஆரையம்பதித் தபால் கந்தோரின் பித்தளைத் தராசில்
இருபத்தாறு வருடம்
ஒரே மனிதரின் ஒரே மண்ணிற உறை.
இரண்டு மட்டை, இடையில் மூன்று படம்.
கொழும்பில் ஒரு வார இதழுக்கு
வியாழனுக்குள் போய்ச் சேர வேண்டும்.
'மடக்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதியிருப்பார்,
மூன்று மொழியிலும்.
இரவு ரயில் எந்த மொழியையும் வாசித்ததில்லை.

சாமித்தம்பி நல்லரெத்தினம்.
படத்தின் மூலையில் வெறும் 'நல்'.
மீதிப் பெயருக்கு இடமில்லை என்பார்,
கதாநாயகியின் சேலைத் தலைப்பு
அங்கேதான் வந்து விழுமாம்.

படமொன்றுக்குப் பதினைந்து ரூபாய்.
பிறகு நாற்பது.
பிறகு காசுக்கட்டளை வராத மாதங்கள்.
அதையும் என்னிடம்தான் கேட்பார்,
நான் ஒளித்துவைத்திருக்கிறேனோ என்று
இலேசாய்ச் சந்தேகிக்கும் கண்ணால்.

எல்லாவற்றையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார்.
ஒரு தொடர்கதையில்
காதலனை விட்டு ரயிலேறுகிறவளுக்கு
என் நெற்றி.
என் கொண்டை ஊசி.
முத்திரை நக்கும்போது இடப்பக்கம் கோணுகிற
என் உதடு.
என் புருஷனுக்குத் தெரியவில்லை.
பரீதா கண்டுபிடித்துப் பாதிக் கந்தோருக்குச் சொன்னாள்.
"என்ன இது?" என்றேன், இதழை விரித்து.
"மாதிரிக்கு ஆள் வைக்கக் காசில்ல புள்ள"
என்றவர், தராசு முள்ளைப் பார்த்தபடியே,
"அடுத்த கிழமை நீ விதவை.
பொட்ட அழிச்சிப்போட்டன், குறை நினைக்காத."

தபால் ஓடாத ஒரு கிழமை,
பஸ்ஸில் கொடுத்துவிட ரவுணுக்குப் போனவரைக்
கல்லடிப் பாலத்தில் மறித்தார்கள்.
உறையைப் பிரித்தார்கள்.
துப்பறியும் கதை, ஏழாம் அத்தியாயம்:
மழைக்கோட்டுக்காரன், கையில் துப்பாக்கி.
இவன் யார், எங்கே இருக்கிறான் என்றார்கள்.
கதையில் என்றார்.
கதை எங்கே என்றார்கள்.
இரண்டு இரவு.

மறுகா நல் வரைந்த கொலைகாரர் எல்லோரும்
குடை பிடித்தார்கள்.
வங்கிக் கொள்ளையில் குடை.
சரித்திரக் கதையில்
குதிரை மேல் இளவரசன், இடுப்பில் குடை.
ஆசிரியர் கோபமாய் ஒரு கடிதம் போட்டார்.
வாசகர் ஒருவரும் கேட்கவில்லை.
குடை விரிகிற பக்கம் வந்தால்
சனம் தானாய்க் குனிந்துகொண்டது.

இதழ் நின்றதற்கு அறிவித்தல்கூட இல்லை.
கடைசி மூன்று படமும்
முகவரியாளர் இல்லையென்று திரும்பி வந்தன,
நடுவில் மடிந்து.
அதிலொன்றில் நான் கிழவி.
கேளாமலே இருபது வயது கூட்டியிருந்தார்.
இப்போது கண்ணாடி பார்க்கிறேன்.
கணக்குச் சரி.

நீர்வண்ணம் தபாலுக்கு வராது.
அது ஞாயிறுகளில், வாவிக்கரையில்,
ஜாம் போத்தலில் வாவியையே மொண்டு.
காய்ந்ததும் தாளில் உப்புப் பொரிந்து நிற்கும்.
பரீதா அதை நட்சத்திரம் என்றாள்.
அவர் உப்பு என்றார்.
வெள்ளை நிறம் வாங்கவே மாட்டார்,
வெளிச்சம் வேண்டிய இடத்தில்
கையை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.
அந்தப் படங்களில் ஆட்கள் இல்லை.
நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஒரேயொரு தடவை ஒன்றை அனுப்பினார்.
சுவிசில் மகனுக்குக் கலியாணம்,
இவருக்கு விசா மறுத்துவிட்டார்கள்.
காயாமலே கொண்டுவந்தார்,
விடியப்புற வாவி,
ஓரங்கள் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்க.
நூற்றி நாற்பது கிராம்.
"காய்ந்தால் குறையும், நாளைக்கு வாங்களன்."
"அங்க போய்க் காயட்டும்."

சட்டப்படி, தராசு சொன்ன எடைக்கே முத்திரை.
வழியில் காயப்போகிற தண்ணீருக்கும் சேர்த்து
அறுபது ரூபாய் கூடுதலாய்க் கேட்டேன்.
மறுபேச்சில்லாமல்
எண்ணி வைத்தார்.